யார் ஜெயிப்பா இல்லை, எத்தனை சதவீதம்: நாளைய செல்டன்ஹம் கோல்டு கப்புக்கு ஒரு முன்கணக்கு

இன்னிக்கு 2025 மார்ச் 13, வியாழக்கிழமை ராத்திரி. நாளைக்கு நம்ம நேரப்படி ராத்திரி ஒன்பதரைக்கு, இங்கிலாந்துல செல்டன்ஹம் மைதானத்துல கோல்டு கப் நடக்கப் போகுது. தடை தாண்டும் குதிரைப் பந்தயத்துல வருஷத்தோட பெரிய ரேஸ் இதுதான். ஒன்பது குதிரைகள் ஓடப்போகுது. இந்த எபிசோடுல அந்த ஒன்பதையும் எப்படி எடை போடறதுன்னு பார்க்கலாம்.

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்கள்ல பாதி ஒரே வரிதான். "ப்ரோ, எந்தக் குதிரை?" அந்தக் கேள்விக்கு நேரடியா பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பதில் தெரியாததால இல்லை. கேள்வியே பாதிக் கேள்வி. முழுக் கேள்வி, "எந்தக் குதிரைக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு?" இந்த ரெண்டு கேள்விக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் இன்னிக்கு விஷயம். கடைசியில என் சதவீதங்களையும் சொல்றேன்.

புதுசா கேட்கிறவங்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. கிண்டியில நடந்ததெல்லாம் ஃப்ளாட் ரேஸ். சமதளம், குறைஞ்ச தூரம், வேகம். ஜம்ப் ரேஸ் வேற ஆட்டம். அதுல ரெண்டு வகை. ஹர்டில் ரேஸ்ல தடை சின்னது, இடிச்சா வளைஞ்சு கொடுக்கும். சேஸ் ரேஸ்ல ஃபென்ஸ். குச்சிகளை நெருக்கிக் கட்டின வேலி, குறைஞ்சது நாலரை அடி உயரம், இடிச்சா அது விட்டுக்கொடுக்காது. கோல்டு கப் ஒரு சேஸ். தூரம் சுமார் 5.3 கிலோமீட்டர், தாண்ட வேண்டியது 22 ஃபென்ஸ், கடைசியில மூச்சு வாங்க வைக்கிற ஒரு மேடு. ஆண் குதிரைகள் எல்லாம் ஒரே எடையைச் சுமக்கும், ஏறக்குறைய 74 கிலோ. பலமான குதிரை மேல கூடுதல் எடை ஏத்தி சமப்படுத்துற வேலை இங்க கிடையாது. அதனால நல்ல குதிரை நல்ல குதிரையாவே தெரியும்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. நம்ம வேலையில சர்வர் அப்டைம் பேசுவோம் இல்லையா, அதே கணக்குதான். ஒரு குதிரை ஒவ்வொரு ஃபென்ஸையும் 99 சதவீதம் சரியா தாண்டும்னு வச்சுக்கலாம். கேட்க அருமையா இருக்கு. ஆனா 22 ஃபென்ஸையும் தாண்டுற வாய்ப்பு? 0.99-ஐ 22 தடவை பெருக்கினா 80 சதவீதம்தான் வருது. அஞ்சுல ஒரு தடவை ரேஸையே முடிக்காது. 99.5 சதவீதம் ஆக்கினா கிட்டத்தட்ட 90 ஆகுது. அரை சதவீத வித்தியாசம் பத்து சதவீதமாப் பெருகுது. நிஜத்துல எல்லா ஃபென்ஸும் ஒண்ணு இல்லை. இறக்கத்துல வேகமா வரும்போது தாண்டுற ஃபென்ஸும், களைச்சுப் போய் தாண்டுற கடைசி ஃபென்ஸும் ரொம்பக் கஷ்டம். இருந்தாலும் விஷயம் புரிஞ்சிருக்கும். ஃப்ளாட் ரேஸ்ல "எவ்வளவு வேகம்?" போதும். இங்க அதுக்கு முன்னாடி "முழுசா வந்து சேருமா?" கேட்கணும்.

அதனாலதான் ஜம்ப் ரேஸ் ஃபார்ம் படிக்கும்போது எண்களை விட எழுத்துகளைக் கவனிக்கணும். குதிரை பேருக்குப் பக்கத்துல 1, 2, 4-னு போன ரேஸ்களோட இடங்கள் இருக்கும். நடுவுல எஃப் இருந்தா விழுந்தது. யு இருந்தா ஜாக்கி கீழ விழுந்தார். பி இருந்தா ஜாக்கியே நிறுத்திட்டார். பி-யைப் பார்த்ததும் மோசம்னு முடிவு கட்டாதீங்க. தோத்துப்போன ரேஸ்ல களைச்ச குதிரையை மேல மேல தாண்ட வைக்காம ஓரம் கட்டின ஜாக்கி, அந்தக் குதிரையோட உயிரைக் காப்பாத்தியிருக்கலாம்.

இந்த வாரமே நடந்ததைப் பாருங்க. செவ்வாய்க்கிழமை சாம்பியன் ஹர்டில். கான்ஸ்டிடியூஷன் ஹில், அதுவரை ஒரு ரேஸ்லகூட தோற்காத குதிரை, பாதி வழியில விழுந்தது. சரி, இனி ஸ்டேட் மேன்தான்னு எல்லாரும் நினைச்சாங்க. முன்னணியில தனியா வந்த ஸ்டேட் மேன் கடைசி ஹர்டில்ல விழுந்தது. 25/1 ரேட்ல இருந்த கோல்டன் ஏஸ் ஜெயிச்சது. அதே நாள் ஆர்க்கிள் சேஸ்ல பெரிய ஃபேவரிட் மஜ்பரோ தாண்டும்போது ஒரு பெரிய தப்பு பண்ணி, மூணாவதா வந்தது.

இதைப் பார்த்துட்டு ரெண்டு பேர் ரெண்டு விதமா பேசுறாங்க. ஒருத்தர், "இந்த வாரம் ஃபேவரிட்டுக்கு ராசியில்லை, நாளைக்கும் கவிழும்". இன்னொருத்தர், "இவ்வளவு கவிழ்ந்தாச்சு, நாளைக்கு நிச்சயம் ஜெயிக்கும்". ரெண்டும் ஒரே தப்பு. செவ்வாய்க்கிழமை ஒரு குதிரை விழுந்தது வெள்ளிக்கிழமை ஓடுற குதிரைக்குத் தெரியாது.

சரி, நாளைய ஃபேவரிட்டுக்கு வருவோம். கலோபான் டே ஷாம். பிரெஞ்சுப் பேரு, வயல்வெளிச் சுட்டிப்பையன்னு வச்சுக்கலாம். வயசு ஒன்பது. டிரெய்னர் அயர்லாந்தின் வில்லி முலின்ஸ், ஜாக்கி பால் டவுனண்ட். 2023, 2024 ரெண்டு வருஷமும் கோல்டு கப் இதுக்குத்தான். நாளைக்கு ஜெயிச்சா தொடர்ந்து மூணு.

தொடர்ந்து மூணு ஜெயிக்கிறது எவ்வளவு அரிது? 1924-ல இந்தக் கோப்பை ஜம்ப் ரேஸா ஆரம்பிச்சதிலிருந்து எண்ணிப் பார்ப்போம். தொடர்ந்து ரெண்டு ஜெயிச்சு, மூணாவதுக்கு நிஜமாவே ஓடின குதிரைகள் ஆறு. கோல்டன் மில்லர், காட்டேஜ் ரேக், ஆர்க்கிள், பெஸ்ட் மேட், இந்த நாலும் ஜெயிச்சது. எல்'எஸ்கார்கோ, அல் பூம் ஃபோட்டோ ரெண்டும் தோத்தது. ஈஸ்டர் ஹீரோ 1929, 1930 ஜெயிச்சும் 1931-ல பனி உறைஞ்சு ரேஸே நடக்காததால வாய்ப்பு போச்சு. ஆக, ஆறுக்கு நாலு. "நூறு வருஷத்துல நாலு குதிரைதான்"னு டிவியில சொல்லும்போது முடியாத காரியம் மாதிரி கேட்குது. வாய்ப்பு கிடைச்சவங்களை மட்டும் வகுத்துப் பார்த்தா மூணுல ரெண்டு. எதை எதால வகுக்கிறோம்கிறதுதான் முக்கியம். அதே சமயம் ஆறு ரொம்பச் சின்ன சாம்பிள். கலோபானுக்கு இது எதிரான சாட்சி இல்லைன்னு மட்டும் எடுத்துக்கலாம், அதுக்கு மேல வேண்டாம்.

அதோட ஃபார்ம்ல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. 2022 மார்ச்ல இதே செல்டன்ஹம்ல நல்ல தூரம் முன்னால வந்து கடைசி ஃபென்ஸ்ல விழுந்தது. அதுக்கப்புறம் விழவே இல்லை. அதுக்குப் பிறகு தோத்தது நாலே தடவை. அந்த நாலும் ஒரே மைதானம், பஞ்சஸ்டவுன். அதுல ரெண்டு, நவம்பர்ல சீசன் தொடக்கத்துல, குறைஞ்ச தூரத்துல. மத்த ரெண்டு, ஏப்ரல், மே பக்கம் சீசன் முடியும்போது. நடுக்குளிர்காலத்துல, மூணு மைலுக்கும் மேல, லெப்பர்ட்ஸ்டவுன்லயோ செல்டன்ஹம்லயோ ஓடும்போது அந்தக் காலத்துல அது தோற்கவே இல்லை. போன மாசம் ஐரிஷ் கோல்டு கப்பை மூணாவது வருஷமா ஜெயிச்சது. "இந்தக் குதிரை தோற்குமா?"னு கேட்டா, தோற்கும். "நாளைய மாதிரி சூழ்நிலையில தோத்திருக்கா?"னு கேட்டா, இல்லை. பக் ரிப்போர்ட் படிக்கும்போது எந்தச் சூழல்ல உடையுதுன்னு பார்ப்போமே, அதே பழக்கம்தான்.

இன்னிக்கு மத்தியானம் இன்னொரு சாட்சியும் கிடைச்சது. ஐரிஷ் கோல்டு கப்ல கலோபான்கிட்ட தோத்த ஃபேக்ட் டு ஃபைல், இன்னிக்கு ரயன்ஏர் சேஸை ரொம்பச் சுலபமா ஜெயிச்சது. நம்மகிட்ட தோத்தவன் வேற இடத்துல பெரிசா ஜெயிச்சா நம்ம மதிப்பும் கூடும். ஆனா ரயன்ஏர் தூரம் குறைவு, அதனால முழு மார்க் போட முடியாது.

எதிரான பக்கமும் சொல்லணும். ஒன்பது வயசு. ஒவ்வொரு குளிர்காலமும் கஷ்டமான ரேஸ்களா ஓடியிருக்கு. போன வருஷம் நல்ல ஈரத்தரையில ஜெயிச்சது. இந்த வாரம் தரை அவ்வளவு ஈரமில்லை. தரை காய்ஞ்சா வேகமான குதிரைகளுக்கு வாய்ப்பு கூடும்.

அந்த வேகமான குதிரைதான் பேன்பிரிட்ஜ். டிரெய்னர் ஜோசப் ஓ'பிரையன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கெம்ப்டன்ல கிங் ஜார்ஜ் சேஸ் ஜெயிச்சது. ஜாக்கி யார் தெரியுமா? நாளைக்கு கலோபான் மேல உட்காரப்போற அதே பால் டவுனண்ட். பேன்பிரிட்ஜுக்குக் காய்ஞ்ச தரை பிடிக்கும். 2022-ல செல்டன்ஹம் ஃபெஸ்டிவல்லயே ஒரு ஹர்டில் ரேஸ் ஜெயிச்சிருக்கு, அதனால மைதானமும் புதுசில்லை. பிரச்சினை தூரம். கெம்ப்டன் மூணு மைல், சமதளம். நாளைக்கு அதைவிட 450 மீட்டருக்கு மேல அதிகம், கடைசியில மேடு. அந்த 450 மீட்டருக்கு இதுகிட்ட டேட்டா இல்லை.

அடுத்தது, நாளைக்கு வர்ணனையாளர்கள் நாக்கு சுளுக்கப்போற பேரு. ஐநோதவேயுர்திங்கின். "நீ என்ன நினைக்கிறேன்னு எனக்குத் தெரியும்"கிற வாக்கியத்தை இடைவெளியே இல்லாம ஒட்டி எழுதினது. ஏன் தெரியுமா? பந்தயக் குதிரைப் பேருக்கு 18 எழுத்துதான் எல்லை. ஆங்கிலத்துல எண்ணிப் பாருங்க, சரியா 18. டேட்டாபேஸ்ல கேரக்டர் லிமிட்டுக்குள்ள பேரை அடக்கின அனுபவம் இருக்கிறவங்களுக்கு இந்தச் சந்தோஷம் புரியும்.

வயசு ஏழுதான். போன வருஷம் செல்டன்ஹம்ல கிம் மியூர், அடுத்த மாசமே எய்ன்ட்ரீல மில்ட்மே, ரெண்டும் ஜெயிச்சது. கிம் மியூர் தூரம் கிட்டத்தட்ட கோல்டு கப் தூரம்தான், அதனால மேடு ஏறுமாங்கிற சந்தேகம் கிடையாது. போன மாசம் ஐரிஷ் கோல்டு கப்ல நாலாவது. ஆனா முடிவுக் கோட்டை நெருங்க நெருங்க வேகம் கூடிக்கிட்டே வந்தது. அந்த ரேஸ் இன்னும் நீளமா இருந்திருந்தான்னு தோணும். நாளைய ரேஸ் நீளம்தான்.

இதுல கவனிக்க வேண்டியது ஒரு செலவுக் கணக்கு. இந்தக் குதிரை கோல்டு கப் பட்டியல்லயே இல்லை. கடைசி நேரத்துல 25,000 பவுண்டு கூடுதல் கட்டணம் கட்டிச் சேர்த்திருக்காங்க. முதலாளி ஜே.பி. மெக்மேனஸ், டிரெய்னர் கேவின் குரோம்வெல். ஃபேக்ட் டு ஃபைலும் மெக்மேனஸ் குதிரைதான். அதை ரயன்ஏருக்கு அனுப்பிட்டு, இதைக் காசு கட்டி இங்க கொண்டு வந்திருக்காங்க. தினமும் குதிரையைக் கண்ணால பார்க்கிறவங்க எடுத்த முடிவு. நம்ம ஸ்ப்ரெட்ஷீட்ல இல்லாத தகவல் அவங்ககிட்ட இருக்கு. அதுக்கு நான் கொஞ்சம் மார்க் கூட்டிப் போடுவேன்.

மான்டிஸ் ஸ்டார் போன வருஷம் இதே ஃபெஸ்டிவல்ல பிரவுன் அட்வைஸரியில ஃபேக்ட் டு ஃபைலுக்கு அடுத்து ரெண்டாவதா வந்தது. டிரெய்னர் ஹென்றி டி பிரோம்ஹெட், 2021, 2022 ரெண்டு கோல்டு கப்பும் ஜெயிச்சவர். இந்தக் குதிரை ஜெயிக்கும்னு சொல்றதை விட மோசமா ஓடாதுன்னு சொல்லலாம். கார்பெட்ஸ் கிராஸ் போன வருஷம் நேஷனல் ஹன்ட் சேஸை 17 லெங்த் வித்தியாசத்துல ஜெயிச்சது. ஆனா 2023-ல ஒரு ஹர்டில் ரேஸ்ல கடைசித் தடையைத் தாண்டாம ஓரமா விலகி ஓடிருச்சு. திறமை இருக்கு, நிச்சயம் குறைவு. மீதி நாலுக்கும் தனித்தனியா வழி இருக்கு, ஆனா எல்லாமே முன்னாடி இருக்கிறவை தடுமாறினாத்தான் திறக்கிற வழி.

என் கணக்கு இதுதான். கலோபான் 55 சதவீதம். ஐநோதவேயுர்திங்கின் 13. பேன்பிரிட்ஜ் 11. மான்டிஸ் ஸ்டார் 6. கார்பெட்ஸ் கிராஸ் 5. மத்த நாலும் சேர்ந்து 10. கூட்டிப் பாருங்க, 100.

"அப்ப கலோபான்தானே ப்ரோ, காசு கட்டிடலாமா?" இங்கதான் நிக்கணும்.

கலோபான் ரேட் இந்த வாரம் ஏறக்குறைய 4/7. அதாவது 7 பவுண்டு கட்டினா 4 பவுண்டு லாபம். அந்த ரேட்டுக்குள்ள இருக்கிற வாய்ப்பு 7-ஐ 11-ஆல வகுத்தா 64 சதவீதம். என் கணக்கு 55. இதே மாதிரி நூறு ரேஸ்ல கட்டினா, 55 தடவை 4 பவுண்டு, மொத்தம் 220 வரும். 45 தடவை 7 பவுண்டு, மொத்தம் 315 போகும். நான் ஜெயிக்கும்னு நம்புற குதிரை மேலயே கட்டி, பாதிக்கு மேல சரியாவும் சொல்லி, 95 பவுண்டு நஷ்டம்.

மத்த குதிரைகளுக்கும் இப்படி ரேட்டைச் சதவீதமா மாத்திக் கூட்டுங்க, நூறைத் தாண்டும். ஒரு காசு சுண்டுறதுக்கு ரெண்டு பக்கமும் 10/11 ரேட் கொடுத்தா, ஒவ்வொண்ணும் 52.4 சதவீதம், மொத்தம் கிட்டத்தட்ட 105. அந்த அஞ்சு, பந்தயம் வாங்குறவரோட சம்பளம். அதைத் தாண்டி நாம சரியா இருக்கணும். ஐநோதவேயுர்திங்கின் 7/1 ரேட்ல இருந்தா அதுக்குள்ள இருக்கிறது 12.5 சதவீதம், நான் சொன்னது 13. லாபம் மாதிரி தெரியும். ஆனா என் கணக்குல பிசகு வர இருக்கிற இடம் அந்த அரை சதவீதத்தை விட ரொம்பப் பெரிசு.

காலேஜ் ஹாஸ்டல்ல என் ரூம்மேட் ஒருத்தன் செமஸ்டர் ஃபீஸை ஒரு கிரிக்கெட் பெட்டிங் ஆப்ல தொலைச்சான். கிரிக்கெட் தெரியாதவன் இல்லை. எங்க எல்லாரையும் விட நல்லா தெரிஞ்சவன். அவன் சொன்ன டீம் பெரும்பாலும் ஜெயிக்கவும் செஞ்சது. அதுதான் அவனைக் கெடுத்தது. யாரு ஜெயிப்பான்னு பார்த்தானே தவிர, என்ன விலைக்கு வாங்குறோம்னு ஒரு தடவைகூடப் பார்க்கலை. அதுக்கப்புறம் ஒரு வருஷம் அவங்க அப்பா வீட்டுல என்ன கஷ்டப்பட்டார்னு நான் நேர்ல பார்த்தேன்.

நம்ம ஊர்ல இதுக்கு ஒரு சட்ட வரலாறே இருக்கு. 1974-ல தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டு வந்தது. 1996-ல உச்ச நீதிமன்றம் கே.ஆர். லட்சுமணன் வழக்குல, குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம்னு தீர்ப்பு சொன்னது. குதிரையோட வேகம், தாங்கும் சக்தி, பயிற்சி, ஜாக்கியோட திறமை, இதெல்லாம்தான் முடிவைத் தீர்மானிக்குதுங்கிறது வாதம். ஒத்துக்கிறேன், இத்தனை நேரம் நாம பேசினதே அதைத்தான். ஆனா ஆட்டத்துல திறமை இருக்குங்கிறதும், கட்டுறவன் கைக்குக் காசு வரும்ங்கிறதும் வேற வேற. முதலாவதைக் கோர்ட் சொல்லும். ரெண்டாவதை வகுத்தல் கணக்குதான் சொல்லும்.

நாளைக்குக் கோல்டு கப் மட்டும் இல்லை, முதல் ரேஸ் டிரையம்ஃப் ஹர்டில். நாலு வயசுக் குதிரைகளுக்கு மட்டும். அங்க இந்த முறையே மாறும். லுலாம்பா, ஈஸ்ட் இந்தியா டாக், இந்த ரெண்டைப் பத்தித்தான் பேச்சு. ஆனா எல்லாமே கைவிரல்ல எண்ணுற அளவு ரேஸ்தான் ஓடியிருக்கு. முலின்ஸ் மட்டுமே ஒரு டஜனுக்குப் பக்கமா இறக்குறார். அதுல பொனிரோஸ்னு ஒண்ணு, ஃப்ளாட்ல ஓடிட்டு வந்தது, நாளைக்குத்தான் முதல் முதலா ஹர்டில் ரேஸே ஓடுது. ஜீரோ டேட்டா. ஜீரோ டேட்டான்னா ஜீரோ வாய்ப்புன்னு அர்த்தமில்லை, நமக்குத் தெரியாதுன்னு மட்டும்தான் அர்த்தம். அந்த ரேஸுக்கு நான் சதவீதம் போடலை. போடாம விடறதும் மதிப்பீடுதான்.

கடைசியா ஒண்ணு. நான் "முழுசா வந்து சேருமா"ன்னு சாதாரணமா சொல்லிட்டே வந்தேன். அந்த வார்த்தைக்குள்ள இன்னொரு அர்த்தம் இருக்கு. மெக்மேனஸுக்கு இதுவரை கிடைச்ச ஒரே கோல்டு கப் 2012-ல, சிங்க்ரனைஸ்டு மூலமா. அடுத்த மாசம் கிராண்ட் நேஷனல்ல அந்தக் குதிரை விழுந்து, அடிபட்டு, இறந்தது. மூணு தடவை ஜெயிச்ச பெஸ்ட் மேட் 2005-ல ஒரு ரேஸ் நடுவுலயே இறந்தது. சதவீதமாப் பேசும்போது எஃப் ஒரு எழுத்துதான். மைதானத்துல அது அரை டன் உடம்பு தரையில மோதுறது. இதைத் தெரிஞ்சும் இந்த விளையாட்டைப் பார்க்கலாமாங்கிறது நியாயமான கேள்வி. நான் பார்க்கிறேன், ஆனா ரேஸ் முடிஞ்சதும் முதல்ல எண்ணுறது எத்தனை குதிரை திரும்பி வந்துச்சுன்னுதான்.

நாளைக்கு ஒன்பதரைக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல உங்க சதவீதத்தை எழுதி வைங்க. நூறு வரணும், ஏமாத்தக் கூடாது. கலோபான் தோத்தா என் 55 தப்புன்னு ஆகாது; அந்த 45-ஐயும் நான் சேர்த்துத்தான் சொல்லியிருக்கேன். ஜெயிச்சாலும் நான் மேதைன்னு ஆகாது. ஒரு ரேஸை வச்சு யாரையும் எடை போட முடியாது. இருபது, முப்பது ரேஸுக்கு இப்படி எழுதி வச்சு, 55-னு சொன்னதெல்லாம் நிஜத்துல எத்தனை தடவை நடந்ததுன்னு சரிபாருங்க. அப்பத்தான் நமக்கு எவ்வளவு தெரியும்ங்கிறது நமக்கே தெரியும். காசு கட்டாமலே கத்துக்கலாம். உங்க பட்டியலை ரேஸுக்கு முன்னாடியே அனுப்புங்க, அடுத்த எபிசோடுல சேர்ந்து சரிபார்ப்போம்.